சமாதானம் காக்கும் கோபுரம்



கோவில் மணி தொங்கும் கோபுரத்தை நாம் மணிக்கூண்டு என்கிறோம். சிலர் மணிக்கோபுரம் என்பர். பெயரிலேயே பொருள் விளங்கிக் கிடக்கிறது. ஆங்கிலத்திலே இதற்குப் "பெல்ஃப்ரி" என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கும் உங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுப் பாருங்கள். "பெல் என்றால் மணி, ஆகையால் பெல்ஃப்ரி என்றால் மணி இருக்கும் இடம்" என்று தயங்காமல் பதில் சொல்லுவார்கள். ஆங்கிலேயரிலும் அநேகர் அப்படியே நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொல் பிறந்த காலத்தில் அதற்கும் மணிக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது கோவிலில் பிறந்த சொல் அல்ல, யுத்தகளத்தில் வழங்கிய சொல். யுத்தகளத்திலிருந்து புறப்பட்டு, பட்டணத்துக் காவலுக்கு வந்து, கடைசியில் கோவிலுக்கு வந்து சேர்ந்தது. அது நடந்து வந்த வழியை அறிந்துகொண்டால், நம் தலைக்குமேல் ஒலிக்கும் மணி நம்மிடம் என்ன கேட்கிறது என்பதும் விளங்கும்.

மற்ற தேசத்தார் சொற்கள்

முதலில் மற்ற பாஷைகளைப் பார்ப்போம். இத்தாலியர் மணிக்கோபுரத்தை "கம்பனீலே" என்கிறார்கள். மணிக்கு அவர்கள் சொல் "கம்பானா". நேப்பிள்ஸ் பட்டணத்தைச் சூழ்ந்த கம்பானியா நாட்டு வெண்கலம் பூர்வ காலத்தில் பேர் போனது. அந்த நாட்டின் பெயரே மணிக்கும் ஆயிற்று. அங்கே நோலா என்ற ஊரில் மேற்றிராணியாராய் இருந்து 431-ம் ஆண்டில் மரித்த அர்ச். பவுலீனுஸ்தான் கோவில்களுக்கு முதன்முதல் மணி வைத்தவர் என்று ஒரு கதை உண்டு. ஆனால் தாம் கட்டிய கோவிலை அவரே தம் கடிதங்களில் விரிவாய் வர்ணித்திருக்கிறார். அதில் மணியைப் பற்றிய பேச்சே இல்லை.

பிரெஞ்சுக்காரருக்கு இரண்டு சொற்கள் உண்டு. கோவிலின் மணிக்கோபுரம் "க்ளோஷே". மணிக்குரிய "க்ளோஷ்" என்ற சொல்லிலிருந்து அது வந்தது. இதே வேரிலிருந்துதான் கடிகாரத்தைக் குறிக்கும் "க்ளாக்" என்ற சொல்லும் ஆங்கிலத்துக்கு வந்தது. நாமும் அப்படித்தானே? அடிக்கிற மணியும் மணி, "மணி என்ன?" என்று கேட்கிற நேரமும் மணி. மணி அடித்தே நேரம் அறிந்த ஜனங்கள் அவர்களும் நாமும்.

பிரெஞ்சுக்காரரின் மற்றச் சொல் "பெஃப்ருவா". அது பட்டணத்துக் கோபுரத்தைக் குறிக்கும். இதுதான் நம் "பெல்ஃப்ரி"க்கு உடன்பிறப்பு.

யுத்தகளத்தில் பிறந்த பெயர்

பழைய ஜெர்மானியரின் பேச்சில் "பெர்க்ஃப்ரித்" என்ற சொல் இருந்தது. பெரும்பாலான சொல்லாராய்ச்சியாளர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். முதற்பாதிக்குக் காத்தல், மறைத்துப் பேணுதல் என்று பொருள். பிற்பாதியாகிய "ஃப்ரித்" என்பதற்குச் சமாதானம், அபயம் என்று பொருள். இன்றைக்கும் ஜெர்மன் பாஷையில் சமாதானத்துக்கு "ஃப்ரீடே" என்றுதான் சொல்லுகிறார்கள். நம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வைக்கும் பிரெடரிக், வில்பிரட் என்ற பெயர்களிலும் இந்தச் சொல்தான் ஒளிந்திருக்கிறது. பிரெடரிக் என்றால் சமாதானத்தோடு ஆளுகிறவன். வில்பிரட் என்றால் சமாதானத்தை விரும்புகிறவன். அந்தப் பெயருள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆக, "பெர்க்ஃப்ரித்" என்றால் சமாதானம் காக்கும் இடம், அபயம் தரும் இடம். இத்தனை அழகான பெயரை எதற்கு வைத்தார்கள் தெரியுமா? கோட்டைகளை முற்றுகையிடும்போது பயன்பட்ட ஓர் இயந்திரத்துக்கு!

மதில் சூழ்ந்த பட்டணத்தைப் பிடிக்க வரும் சேனை, மதிலின் உயரத்துக்கு மரத்தால் ஒரு கோபுரம் கட்டும். அதில் அடுக்கடுக்காய்த் தட்டுகள் இருக்கும், அடியில் சக்கரங்கள் இருக்கும். எதிரிகள் தீ வைத்துவிடாதபடி சுற்றிலும் ஈரத் தோல்களைப் போர்த்துவார்கள். உள்ளே வீரர்கள் நிற்பார்கள். மதிலண்டை உருட்டிக்கொண்டுபோய், மேல் தட்டிலிருந்து பலகைப் பாலத்தை மதில்மேல் போட்டு, அதன் வழியே பட்டணத்துக்குள் பாய்வார்கள். உள்ளே நிற்பவன் மேல் அம்பு தைக்காது. ஆகையால் அவனுக்கு அது அபயம் தரும் இடம். மதிலுக்கு அப்பால் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிற்கும் தாய்க்கோ அது சாவு வரும் பாதை.

1099-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி சிலுவைப் போர்வீரர் ஜெருசலேம் நகரை இத்தகைய கோபுரங்களைக் கொண்டே பிடித்தார்கள். புய்யோன் ஊர்ப் பிரபுவான கொத்ஃபிரேயின் கோபுரத்திலிருந்து போட்ட பாலத்தின் வழியாகவே முதல் வீரர்கள் மதிலேறினார்கள். அதன்பின் அந்த நகரத்தில் இஸ்லாமியரும் யூதருமாக ஏராளமான ஜனங்கள் வெட்டுண்டு மடிந்தார்கள். கொத்ஃபிரே என்ற பெயரிலும் அதே "ஃப்ரித்" இருக்கிறது. கடவுளின் சமாதானம் என்பது அதன் பொருள். சமாதானம் என்ற சொல்லைக் கொண்ட மனிதன், மார்பிலே சிலுவை அடையாளத்தைத் தரித்துக்கொண்டு, சமாதானத்துக்கு இரத்தம் சிந்திய கர்த்தரின் பட்டணத்திலேயே அந்தக் கோபுரத்தைக் கொண்டுபோய் நிறுத்தினான். இதை நாம் மறைக்கக் கூடாது. பெயர் நல்ல பெயராய் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஊரைக் காத்த கோபுரம்

காலம் மாறிற்று. தாக்குவதற்கு எழுப்பிய கோபுரத்தின் பெயர் காப்பதற்கு எழுப்பிய கோபுரத்துக்கும் வழங்கலாயிற்று. இன்றைய பெல்ஜியத்திலும் பிரான்சின் வடபகுதியிலும் நெசவாலும் வியாபாரத்தாலும் செழித்த பட்டணங்கள் பிரபுக்களிடமிருந்து உரிமைப் பட்டயங்களைப் பெற்றன. அந்த உரிமைக்கு அடையாளமாக ஒவ்வொரு பட்டணமும் சந்தை வெளியில் ஓர் உயர்ந்த கோபுரம் கட்டிற்று. பட்டயங்களை அதற்குள்ளே பெட்டியில் பூட்டி, சாவிகளை வேறு வேறு கைகளில் ஒப்படைத்தார்கள். ஒருவனாகத் திறக்க முடியாது. உச்சியில் இரவும் பகலும் காவற்காரன் நின்றான்.

நின்றவன் நெருப்பைக் கண்டால், சத்துருவைக் கண்டால், ஊருக்கு எப்படி அறிவிப்பான்? அதற்காகத்தான் அங்கே மணி தொங்கவிடப்பட்டது. கோபுரத்துக்குள் மணி நுழைந்தது இப்படியே. ஆபத்துக்கு ஒரு மணி, வேலை தொடங்க ஒரு மணி, கோட்டைக் கதவு சாத்த ஒரு மணி என்று ஊரின் வாழ்வே அந்த ஓசைக்குள் அடங்கிற்று.

புரூஜ் பட்டணத்துக் கோபுரம் இன்றும் நிற்கிறது. 1240-ம் ஆண்டையொட்டிக் கட்டத் தொடங்கியது. உயரம் 83 மீட்டர். ஏறுவதற்கு 366 படிகள். உச்சியில் 47 மணிகள். இப்படிப்பட்ட கோபுரங்களில் பெல்ஜியத்திலுள்ள 32-ஐ யுனெஸ்கோ ஸ்தாபனம் 1999-ல் உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. 2005-ல் பிரான்சிலுள்ள 23-ம் பெல்ஜியத்தில் இன்னும் ஒன்றும் சேர்ந்து 56 ஆயின.

அந்த ஜனங்களுக்கு மணி எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒரு சம்பவம் சொல்லுகிறேன். 1382-ல் பர்கண்டி நாட்டுப் பிரபு பிலிப்பு யுத்தத்தில் ஜெயித்து கோர்ட்ரைக் என்ற பட்டணத்தைத் தண்டித்தபோது, கோபுரத்திலிருந்த கடிகாரத்தையும் மணியையும் கழற்றித் தன் தலைநகராகிய தீஜோனுக்குக் கொண்டுபோய், அங்கே தேவமாதா கோவிலின்மேல் ஏற்றிவிட்டான். ஓர் ஊரைத் தலைகுனியச் செய்ய வேண்டுமானால் அதன் மணியைப் பறித்தால் போதும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கோவிலுக்கு வந்த சொல்

இந்தச் சொல் பிரெஞ்சுக்காரர் வாயிலாக "பெர்ஃப்ரே" என்று இங்கிலாந்துக்குப் போயிற்று. ஒரே சொல்லில் ரகரம் இரண்டு முறை வந்தால் நாவு ஒன்றை லகரமாக்கிக்கொள்வது உண்டு. இப்படி "பெல்ஃப்ரே" என்றும் சிலர் சொல்லலானார்கள். கோபுரத்திலோ மணி தொங்கிற்று. மணிக்கு ஆங்கிலத்தில் "பெல்" என்று பெயர். காதுக்கும் கண்ணுக்கும் பொருத்தமாய் இருக்கவே அந்த உச்சரிப்பே நிலைத்துவிட்டது. 15-ம் நூற்றாண்டளவில் அது கோவில் மணிக்கோபுரத்தின் பெயராகவும் ஆயிற்று.

கவனியுங்கள்! சொல்லில் மாறினது ஒரே ஓர் எழுத்து. கோபுரத்தின் உள்ளே இருந்ததோ முழுவதும் மாறிப்போயிற்று. முதலில் உள்ளே இருந்தவன் வாள் பிடித்த வீரன். பிறகு விழித்திருந்த காவற்காரன். கடைசியில் ஜெபத்துக்கு அழைக்கும் மணி. "சமாதானம் காக்கும் இடம்" என்று ஆதியில் வைத்த பெயர், அநேக நூற்றாண்டுகள் அலைந்து திரிந்த பின்பு, தனக்குரிய வீட்டை வந்தடைந்தது.

மணியும் பீரங்கியும்

இதோடு கதை முடிந்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அப்படி முடியவில்லை. மணியும் மறுபடி யுத்தத்துக்குப் போகக்கூடும்.

மணி வார்க்கும் வெண்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். பழைய பீரங்கியிலும் இதே இரண்டு உலோகங்கள்தாம். பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். அளவில்தான் வித்தியாசம். ஆகையால் யுத்தம் வந்தபோதெல்லாம் அரசர்களின் கண் மணிக்கூண்டின்மேல் விழுந்தது. 1793-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர், பங்குக்கு ஒரு மணி போதும், மற்றவை பீரங்கிக்கு என்று கட்டளையிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் அரசாங்கம் ஐரோப்பாவின் கோவில்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளை இறக்கிக் கொண்டுபோயிற்று. பழமையையும் சிறப்பையும் பார்த்து நான்கு வகையாகப் பிரித்து, முதல் வகையை உடனே உருக்கினார்கள். யுத்தம் முடிந்தபோது ஹாம்பர்க் துறைமுகத்தில் உருக்கப்படாத மணிகள் ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாய்க் கிடந்தன. அந்த இடத்துக்கு ஜனங்கள் இட்ட பெயர் "மணிகளின் கல்லறைத் தோட்டம்".

ஜெர்மனியில் கொலோன் பேராலயத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1870-71-ல் பிரான்சை ஜெயித்து எடுத்த 22 பீரங்கிகளை உருக்கி, சுமார் 27 டன் எடையில் ஒரு பெரிய மணி வார்த்தார்கள். 1874-ல் அது உருவாயிற்று. சக்கரவர்த்தியின் மணி என்று அதற்குப் பெயர். பீரங்கி மணியாயிற்றே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அது சமாதானத்துக்கு வார்த்த மணி அல்ல, வெற்றியைப் பறைசாற்ற வார்த்த மணி. 1918-ல் முதலாம் உலகப் போருக்காக அதையே இறக்கி உருக்கிவிட்டார்கள். பீரங்கியாய் இருந்தது நாற்பத்து நான்கு ஆண்டுகள் மணியாய் இருந்து, திரும்பவும் யுத்தத்துக்கே இரையாயிற்று. பிற்பாடு 1923-ல் வேறு மணி வார்த்து அர்ச். இராயப்பர் பெயரை இட்டார்கள். எடை 24 டன்.

இத்தாலியில் ரொவெரேத்தோ என்ற சிறு பட்டணமும் முதலாம் உலகப் போர் நடந்த எல்லையில் இருந்தது. அங்கே அந்தோனியோ ரொஸ்ஸாரோ என்ற குருவானவர் ஒரு காரியம் நினைத்தார். யுத்தத்தில் ஒருவரையொருவர் சுட்ட தேசங்களிடமெல்லாம் பீரங்கி வெண்கலம் கேட்டு வாங்கி, ஒரே மணியாய் வார்த்தால் என்ன? ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் என்ற பேதமில்லாமல் 19 தேசங்களின் வெண்கலம் சேர்ந்தது. 1924-ல் மணி வார்க்கப்பட்டது. வியாகுல மரியம்மாள் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். மகனைச் சாகக் கொடுத்த தாயின் பெயர் அதற்கு எவ்வளவு பொருந்துகிறது! பின்னாளில் அது வெடித்துப்போகவே மறுபடியும் வார்த்தார்கள். 1965-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி பரிசுத்த பாப்பானவர் ஆறாம் சின்னப்பர் அதை மந்திரித்தார். 22 டன்னுக்கு மேற்பட்ட அந்த மணி ஒவ்வொரு நாள் இரவும் நூறு முறை ஒலித்து, யுத்தத்தில் மாண்ட எல்லா தேசத்தாரையும் நினைவூட்டுகிறது.

கொலோனிலும் ரொவெரேத்தோவிலும் செய்த வேலை ஒன்றுதான். இரண்டிடத்திலும் பீரங்கியை உருக்கி மணி வார்த்தார்கள். வித்தியாசம் எதில்? ஓரிடத்தில் எதிரியின் பீரங்கியை மட்டும் உருக்கினார்கள். மற்ற இடத்தில் எதிரியின் பீரங்கியோடு தங்கள் பீரங்கியையும் உருக்கினார்கள். வாளைக் கலப்பைக் கொழுவாக அடிக்கும் நாள் வரும் என்று இசையாஸ் தீர்க்கதரிசி முன்னுரைத்தது உங்களுக்குத் தெரியும். அடுத்தவன் வாளை மட்டும் அடித்தால் அந்த நாள் வராது.

நம் கோபுரத்துக்குள் என்ன இருக்கிறது?

பிரியமானவர்களே, இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். உருட்டிச் செல்லும் மரக்கோபுரம் நம் ஊர்களிலும் உண்டு. பாகப்பிரிவினையில் ஓரடி நிலம், கலியாணத்தில் தவறிப்போன ஒரு மரியாதை, குழாயடியில் வந்த ஒரு வார்த்தை: இவற்றைக் கொண்டு நாம் தட்டுத்தட்டாய்க் கோபுரம் எழுப்புகிறோம். "நான் யாரையும் தாக்கவில்லை, என்னைக் காத்துக்கொள்ளுகிறேன்" என்று சொல்லிக்கொள்ளுகிறோம். அந்த மரக்கோபுரத்துக்கும் அப்படித்தான் அபயஸ்தலம் என்று பெயர் வைத்தார்கள்!

ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் ஐந்து வருஷமாய்ப் பேசுவதில்லை. ஒரே மணியோசையைக் கேட்டுத்தான் இருவரும் கோவிலுக்கு வருகிறார்கள். ஒருவர் வலது பக்கம், மற்றவர் இடது பக்கம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் வேளையில் முன்னே, பின்னே, பக்கத்தில் எல்லாருக்கும் கைகூப்புகிறார்கள். ஒரே ஒரு முகத்தை மட்டும் பார்க்காமல் திரும்பிக்கொள்ளுகிறார்கள். பிறகு வரிசையில் நின்று நன்மை வாங்குகிறார்கள். அண்ணன் பிள்ளைக்குத் தம்பி பிள்ளையின் முகம் தெரியாது. சண்டை போட்டவர்களுக்காவது காரணம் ஞாபகமிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பகை மட்டும். பெரியவர்கள் கட்டின மதிலுக்கு வெளியே நின்று அழுகிறவர்கள் அவர்களே.

பீடத்தண்டையில் காணிக்கையோடு வந்து நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் பண்ணு என்பது கர்த்தர் கட்டளை. யார்மேல் குற்றம் என்று விசாரித்துவிட்டுப் போகும்படி அவர் சொல்லவில்லை. மனத்தாங்கல் அவனுக்கு இருந்தாலும் நடக்க வேண்டியவன் நீதான்.

"அவன்தான் முதலில் வரவேண்டும்" என்கிறீர்களா? அது கொலோன் மணி. எதிரியின் பீரங்கியை மட்டும் கொண்டு வார்த்தது. அதிக நாள் நிற்காது. "என்னிடமும் உருக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது" என்று ஒப்புக்கொள்ளுகிறவன் வார்ப்பதுதான் வியாகுல மாதாவின் மணி.

உங்களில் சிலருக்கு நிஜமாகவே அநியாயம் நடந்திருக்கும். அதை மறுக்க நான் வரவில்லை. நியாயம் கேட்க வழி இருந்தால் கேளுங்கள். பெரியவர்களைக் கொண்டு பேசுங்கள்; வேண்டுமானால் என்னிடம் வாருங்கள். வழக்கு தீர நாளாகட்டும். பேச்சை நிறுத்துவதற்கு மட்டும் வழக்கைக் காரணம் காட்டாதீர்கள்.

பூசைக்கு நாம் முதல் மணி அடிக்கிறோம், பிறகு இரண்டாம் மணி அடிக்கிறோம். முதல் மணி எதற்கு? குளித்து, உடுத்து, புறப்படுவதற்கு என்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை மட்டும் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துங்கள். முதல் மணி அடித்ததும், நீங்கள் படியேறாத அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். "பூசைக்கு மணி அடித்துவிட்டது, சேர்ந்து போகலாம், வாருங்கள்" என்று சொல்லுங்கள், போதும். அவர்கள் வராவிட்டாலும் நீங்கள் சொன்னது வீண்போகாது. வந்துவிட்டால், இரண்டாம் மணி அடிக்கும்போது இரண்டு வீட்டாரும் ஒரே வழியில் நடந்து வருவதை ஊர் பார்க்கும். அன்றைக்கு நம் மணிக்கூண்டு தன் பழைய பெயருக்கு ஏற்றதாயிருக்கும்.

சமாதானத்தின் இராஜாவாகிய சேசுநாதர் சுவாமி உங்கள் வீடுகளைக் காத்து ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு